அபிப்பிராயம் இல்லாத ஆள் தேவை

என் மாமனார் காணாமல் போனது சரியாக முந்நூற்று நாற்பதாவது சுற்றில்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். ஃபேனோ தண்ணீர் மோட்டாரோ, எது எரிந்து வந்தாலும் பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். சுற்றும்போது எண்ண வேண்டும். நடுவில் எண்ணிக்கை விட்டுப் போனால் அவ்வளவையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் அந்த நேரத்தில் யார் வந்து என்ன சொன்னாலும் 'உம்' என்று மட்டும் சொல்வேன். கடை எரிகிறது என்று சொன்னாலும் 'உம்'தான்.

அன்று மாமனார் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை, வரேன்" என்றார். நான் 'உம்' என்றேன். நானூற்றிருபதில் முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ஸ்டூல் மட்டும் இருந்தது.

முப்பத்து நாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது, ஆனால் அவர் தலைக்குள் பஸ் இன்னும் நிற்கவில்லை. ஞாபகம் போன பிறகு காலையில் எழுந்ததும் என்னைப் பார்த்து "எங்க இறங்கணும்?" என்று கேட்பார். நல்ல நாளாக இருந்தால் மட்டும்தான் நான் மாப்பிள்ளை. சர்க்கரை வியாதி, தினம் இரண்டு மாத்திரை, வேளை தவறினால் மயங்கி விழுவார். என் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பதால் பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

"அப்பா வரேன்னு சொன்னாரா?" என்று கேட்டாள் மனைவி.

"சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உம்னு சொன்னேன்."

அதற்கு மேல் அவள் என்னுடன் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

காவல் நிலையத்துக்கு ஓடினேன். உள்ளே ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை நடக்கும் ஹாலுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றேன். ஏட்டுதான் முதலில் தலைநிமிர்ந்தார்.

"காணாம போன கேஸா? உக்காருங்க. ரொம்ப நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. முன்னெல்லாம் யாராவது காணாம போனா நாங்க பாட்டுக்கு லத்திய எடுத்துக்கிட்டுத் தேடக் கிளம்பிடுவோம். ஒரு முறை கிடையாது, ஒண்ணு கிடையாது. இப்ப எங்க மேல சுயேச்சை மேற்பார்வை ஆணையம் வந்தாச்சு. தேடறத எல்லாம் எழுதணும். எங்க தேடினோம், ஏன் அங்க தேடினோம், ஏன் வேற இடத்துல தேடல, எல்லாத்துக்கும் தனித்தனி கட்டம்."

"இப்ப யாரு சார் தேடறாங்க?"

"எழுதி முடிச்சதும் தேடுவோம். தேடாம விட்டாக்கூட ஆணையம் அறிவுரையோட விட்டுடும். தேடிட்டு எழுதாம விட்டா மெமோ."

பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் என்று ஒருவரை ஏற்றுக்கொள்ள அந்தப் படிவத்தில் இருபது மார்க் வாங்க வேண்டும்.

"இதுக்கு முன்னாடி காணாம போன அனுபவம் உண்டா?"

"இல்ல சார். இதான் முதல் தடவை."

"அனுபவம் இல்ல" என்று வருத்தத்தோடு எழுதினார். "சரி, சொந்தமா முடிவெடுக்கக்கூடியவரா?"

"முடியாது சார். எந்தச் சட்டை போடணும்னுகூடத் தெரியாது."

"கடைய விட்டுக் கிளம்பணும்னு முடிவெடுத்தது யாரு?"

"அவருதான்."

"அப்போ முடிவெடுக்கறாரே!" என்று டிக் போட்டார்.

நாற்பத்தொரு கேள்விகள். முடிவில் மாமனார் பத்தொன்பது வாங்கியிருந்தார். ஒரு மார்க்கில் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு நடந்ததே அவருக்கும் நடந்தது.

"ஒரு மார்க்தானே சார், பாத்துப் போடக் கூடாதா?"

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "தப்பு சார். மேற்பார்வை பாத்தா என்ன நினைப்பாங்க?"

சுவரோரமாகப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த துணி. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித் துணி தேய்க்கிற அக்கா. அவளுடைய தங்கைக்கு வயது இருபத்தாறு, மனசு ஆறு வயதுக் குழந்தையுடையது. நாற்பது நாளாகக் காணவில்லை.

"இவங்க தங்கச்சி முப்பத்தெட்டு மார்க்" என்றார் ஏட்டு. குரலில் ஒரு வாத்தியாரின் பெருமை இருந்தது. "இந்த ஸ்டேஷன்லயே அதுதான் அதிகம். அதனால அந்த ஃபைல மாதிரி ஃபைலா ஆணையத்துக்கு அனுப்பி வச்சிருக்கோம்."

"பொண்ணு கிடைச்சுதா சார்?"

"ஃபைல் திரும்பி வரட்டும். ஃபைல் இல்லாம எப்படித் தேடறது?"

அக்கா மடியிலிருந்த துணியின் சுருக்கத்தைக் கையாலேயே நீவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் பாவாடை ஒன்று. தங்கையுடையதாம், வாரம் ஒரு தடவை எடுத்துத் தேய்த்து வைப்பாளாம், வந்ததும் கேட்பாள் என்று.

வீட்டில் மாமனாருடைய பழைய கண்டக்டர் விசில் இருந்தது. குளிக்க எழுந்து வராமல் அவர் அடம் பிடிக்கும்போது என் மனைவி அதை நீளமாக இரண்டு தடவை ஊதுவாள். மனுஷர் எங்கே உட்கார்ந்திருந்தாலும் பதறி எழுந்துவிடுவார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக ஊதிக்கொண்டு போனேன். பஸ் நிலையம், டிப்போ, மார்க்கெட், ஆஸ்பத்திரி வாசல். நாய்கள் பின்னால் வந்தன. மாமனார் வரவில்லை. மூன்றாம் நாள் நான் ஊத ஆரம்பித்துக் கால்மணிகூட ஆகவில்லை, இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள்.

"பொது இடத்துல விசில் அடிக்கறதா புகார் வந்திருக்கு."

"இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீங்களே சார்!"

"விசில் கேஸ் மேற்பார்வைக்குப் போகாது. எழுதற வேலை இல்ல. உடனே வந்துடலாம்" என்றார் ஒருவர், மனசாட்சிக்கு விரோதமில்லாமல்.

இனி அந்த ஆணையத்திடமே போவது என்று முடிவு செய்தேன். ஆணையக் கட்டடம் காவல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. முதலில் இரண்டுக்கும் ஒரே மதில்தான் இருந்ததாம். மதிலைப் பங்கிட்டுக்கொள்கிற ஆணையம் எப்படிச் சுயேச்சையாக இருக்க முடியும் என்று யாரோ கேட்டதால், அரை அடி தள்ளி இன்னொரு மதில் எழுப்பியிருந்தார்கள். காவல் நிலையத்தைப் பார்த்த பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது.

"அது எதுக்கு சார் பெயிண்ட்?" என்று செயலாளரிடம் கேட்டேன். ஒல்லியான, துடைத்து வைத்த மாதிரியான மனிதர்.

"பாத்துட்டா சார்பு வந்துடும் சார். போலீஸ் என்ன செய்யுதுன்னு நேரடியா பாத்த ஆணையம், போலீஸ் என்ன செஞ்சுதுன்னு நடுநிலையா எப்படிச் சொல்ல முடியும்? நீங்களே யோசிங்க."

யோசித்தேன். தலை சுற்றியது.

"எங்க மாமனாரத் தேடிக் குடுப்பீங்களா சார்?"

"நாங்க யாரையும் தேடறதில்ல. தேடறவங்க எப்படித் தேடினாங்கன்னு விசாரிப்போம். அதுல உங்களுக்கு அதிர்ஷ்டம் பாருங்க. எட்டு மாசமா இங்க விசாரணையே நடக்கல. அஞ்சு உறுப்பினர் இருந்தாத்தான் ஆணையம் கூடலாம். அஞ்சாவது ஆள், பொதுமக்கள் பிரதிநிதி, கிடைக்கவே இல்ல. அவருக்குப் போலீஸப் பத்தி நல்ல அபிப்பிராயமும் இருக்கக் கூடாது, கெட்ட அபிப்பிராயமும் இருக்கக் கூடாது. அறுபத்திரண்டு பேர நேர்காணல் பண்ணோம். அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு அபிப்பிராயம் இருக்கு சார்! நாடு எங்க போகுதுன்னே தெரியல. இந்த வாரம்தான் கடவுள் அனுப்பின மாதிரி ஒருத்தர் தானா நடந்து வந்தார்."

"யாரு சார்?"

"பேர் கேக்கறதில்ல. பேர் தெரிஞ்சா சார்பு. வாசல்ல வரிசையில நின்ன ஜனங்களை 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு அவரே ஒழுங்குபடுத்திட்டு வந்து காலியா இருந்த நாற்காலியில உக்காந்தார். தலைவர் கேட்டார், காவல்துறையைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்னன்னு. 'யாரு?'ன்னார். எல்லாரும் அசந்துபோயிட்டோம். அப்படி ஒரு சுயேச்சையான மனுஷர நான் பாத்ததே இல்ல. காலையில கேட்ட வாதத்த மத்தியானம் சுத்தமா மறந்துடறார். எந்தப் பக்கமும் சாய வழியே இல்ல."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆனால் நாலு நாளாகத் தூங்காத மூளை அது. அதுவும் ஒரு 'உம்' போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது. பதினோராவது நாள் விசாரணை என்று எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஏழு நாளும் மாத்திரைக் கணக்குதான் எனக்கு. காலை ஒன்று, இரவு ஒன்று, அட்டையில் அப்படியே இருந்தது. மனைவி அந்த அட்டையைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். பேச மாட்டாள்.

பதினோராவது நாள் விசாரணைக் கூடத்துக்குள் போனேன். ஒரு பக்கத்தில் ஆள் உயரத் திரை. அதற்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். உறுப்பினர்கள் அவரைப் பார்க்கக் கூடாதாம், அவரும் உறுப்பினர்களைப் பார்க்கக் கூடாதாம். எதிரே மேடையில் ஐந்து உயரமான நாற்காலிகள். நடுவில் தலைவர், கனத்த மனிதர், நாற்காலி முதுகில் ஒரு குடையை மாட்டியிருந்தார். வலப்பக்கக் கடைசி நாற்காலியில், எண்ணெய் வைத்துப் படிய வாரி, யாரோ போட்டுவிட்ட கறுப்புக் கோட்டுடன், காதில் பென்சில் செருகிக்கொண்டு என் மாமனார் உட்கார்ந்திருந்தார். கோட்டில் ஒரு பித்தளை பேட்ஜ். 'உறுப்பினர்' என்று மட்டும் போட்டிருந்தது.

"மாமா!" என்று கத்திவிட்டேன்.

செயலாளர் மணி அடித்தார். "உறுப்பினர்கள உறவுமுறை சொல்லிக் கூப்பிடக் கூடாது."

"சார், இவருதான் சார் காணாம போனவரு! என் மாமனாரு! சர்க்கரை மாத்திரை சாப்பிடாம பதினோரு நாள்..."

"உறுப்பினர்களுக்குத் தனி டாக்டர் உண்டு. அய்யா உடம்பு பிரமாதமா இருக்கு. மேல விடுதியில தங்கறார், வேளாவேளைக்கு மாத்திரை, காலையில நடைப்பயிற்சி" என்றார் செயலாளர்.

உயிரோடு இருக்கிறார், மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அழுகை வந்தது, அழுதேன். மனுதாரர் உணர்ச்சிவசப்பட்டார் என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

"ஃபைல்ல போட்டோ இருக்கு சார், எடுத்துப் பாருங்க."

"உறுப்பினர்கள் போட்டோ பாக்கக் கூடாது" என்றார் தலைவர். "முகத்தப் பாத்தா இரக்கம் வரும். இரக்கம் ஒரு சார்பு. காவல்துறை தரப்பு என்ன சொல்லுது?"

திரைக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. "அய்யா, காணாமல் போனவரை நாலு திசையிலும் தேடியதாக எழுதியிருக்கோம். ஒரு தடயமும் இல்லை."

மாமனார் அவருக்கு ஆறடி தூரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மனுதாரர் சொல்றத ஒரு பேச்சுக்கு உண்மைன்னு வச்சுக்குவோம். அப்போ ஆள் காணாம போகல, இங்கதான் இருக்கார், மனு தள்ளுபடி. பொய்னு வச்சுக்குவோம். அப்போ பொய் மனு, அதுவும் தள்ளுபடி. இந்த மாதிரி தெளிவான வழக்கு எங்களுக்கு அபூர்வமாத்தான் வருது."

"தள்ளுபடி பண்ணிக்குங்க சார். அவர எங்கூட அனுப்பிடுங்க, போதும்."

"அதெப்படி? வழக்கில சம்பந்தப்பட்டவர்னா அய்யா உறுப்பினர் பதவியிலிருந்து விலகணும். விலகலை ஏத்துக்கறதுக்கு அஞ்சு பேர் கூடணும். அவர் விலகிட்டா நாங்க நாலு பேர். நாலு பேர் கூடி எதையும் ஏத்துக்க முடியாது. அதனால அடுத்த ஆள் கிடைக்கற வரைக்கும் அவர் இங்கதான் இருந்தாகணும். எட்டு மாசம் ஆகும், ஒன்பது மாசம் ஆகும், சொல்ல முடியாது." தலைவர் மாமனார் பக்கம் மரியாதையாகத் திரும்பினார். "மனுவப் பத்தி உறுப்பினர் ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

மாமனார் என்னை உற்றுப் பார்த்தார். பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுக் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"எங்க போகணும்?"

"வீட்டுக்கு மாமா. வீட்டுக்குப் போகணும்."

"அது இந்த ரூட்ல வராதே" என்றார்.

மேடையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "பாத்தீங்களா?" என்றார் தலைவர் சிலிர்த்துப்போய். "அதிகார வரம்பு! ரெண்டு மணிநேரம் பேச வேண்டிய விஷயத்த ஒரே வரியில சொல்லிட்டார். எழுதிக்குங்க."

எனக்கு இந்த உலகத்தில் யார் மேலும் அவ்வளவு கோபம் வந்ததில்லை. சட்டைப் பையில் கையை விட்டேன். விசில் தட்டுப்பட்டது. நீளமாக இரண்டு தடவை ஊதினேன்.

மாமனார் சட்டென்று எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. முப்பத்து நாலு வருஷத்துக் குரல் கூடம் முழுக்க ஓங்கி ஒலித்தது. "கடைசி ஸ்டாப்! எல்லாரும் இறங்குங்க! சாமான் செட்ட மறக்காதீங்க! படியில பாத்து, படியில பாத்து!"

அவர் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியே பழகியிருந்த நாலு உறுப்பினர்களும் ஃபைல்களை அள்ளிக்கொண்டு எழுந்தார்கள். வரிசையாக மேடையிலிருந்து இறங்கினார்கள். ஓர் அம்மாள் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள். திரைக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரும் இறங்கிப் போனார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. தலைவர் மட்டும் வாசலில் நின்று சந்தேகமாகக் கேட்டார்: "இதுக்கு மேல போகாதா?"

"போகாது. வண்டி டிப்போக்குப் போகுது. இறங்குங்க சார்."

தலைவர் இறங்கினார். மாமனார் ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில் குனிந்து பார்த்தார். தலைவர் மறந்துவிட்டுப் போன குடையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார், டிப்போவில் ஒப்படைப்பதற்காக. "ரைட், போலாம்" என்றார். பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கதவைத் திறந்த மனைவி அப்படியே நின்றாள். "ஏம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டார் அவர். நல்ல நாள் போல, மகளைத் தெரிந்தது. அவள் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு பதினோரு நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்து, "நீங்களும் உள்ள வாங்க, ஏன் வாசல்லயே நிக்கறீங்க" என்றாள்.

அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தெருவில் சைரன் கேட்டது. ஒன்றல்ல, ஆறு வண்டிகள். கூடவே ஒரு நாய். நாய் நேராக உள்ளே வந்து குடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. பின்னாலேயே ஓடிவந்த இன்ஸ்பெக்டர் மாமனாரைப் பார்த்ததும் வயர்லெஸ்ஸில் கத்தினார்: "அய்யா கிடைச்சுட்டார்! ஆணையத்தோட உறுப்பினர் பத்திரமா கிடைச்சுட்டார்! இருபது நிமிஷம்!"

நான் போட்டோவை நீட்டினேன். அவர் போட்டோவைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"அட! உங்க மாமனாரும் கிடைச்சுட்டாரா! ஒரே வீட்டுல ரெண்டு கேஸ் முடியுது. ரெண்டு இடத்துல கையெழுத்துப் போடுங்க."

"சார், பதினோரு நாள் தேடாத நீங்க இப்ப எப்படி சார் இருபது நிமிஷத்துல வந்தீங்க?"

"பேட்ஜ் உள்ள உறுப்பினர் காணாம போனா எழுதாமலே கிளம்பலாம்னு உத்தரவு" என்றார் கபடமில்லாமல். "கிளம்பிட்டா என்ன சார், தேடறது எங்களுக்குத் தெரியாதா? தொழிலே அதுதானே."

மறுநாள் செயலாளர் போன் செய்தார். உறுப்பினர் வீட்டிலிருந்தபடியே பணியாற்றலாம் என்றும், விலகலை ஏற்க வழி இல்லாததால் பேட்ஜ் அவரிடமே இருக்கட்டும் என்றும், தலைவருடைய குடையை மட்டும் அனுப்பிவைக்க முடியுமா என்றும் கேட்டார். அந்த மாதத்தில் மாமனார் இன்னும் மூன்று தடவை நடந்துபோனார். மூன்று தடவையும் அரைமணிக்குள் வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். கடைசித் தடவை சல்யூட் வேறு. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. காயில் சுற்றும்போது ஸ்டூல் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பேட்ஜ் பார்த்துக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் மாத்திரை கொடுக்க மனைவி கடைக்கு வந்திருந்த நேரத்தில் துணி தேய்க்கிற அக்கா வந்தாள். கையில் அதே மஞ்சள் பாவாடை. எழுபத்தாறு நாள் ஆகிவிட்டது என்றாள்.

"ஃபைல் வந்துச்சாக்கா?"

"இல்ல. ரொம்ப நல்லா இருக்குன்னு ஆணையத்துலயே வச்சுக்கிட்டாங்களாம்." மாமனாருடைய சட்டையைப் பார்த்தாள். "அண்ணே, இந்த பேட்ஜ எங்க குடுக்கறாங்க? என் தங்கச்சிக்கும் யாரப் பத்தியும் எந்த அபிப்பிராயமும் கிடையாதுண்ணே. சத்தியமா கிடையாது."

என் மனைவி அப்பா அருகில் போய்ச் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றினாள். அவர் "பாஸா?" என்று கேட்டார். "ஆமாம்பா" என்றாள். பேட்ஜை அக்கா கையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவ நாமளே பாத்துக்கலாம். என்ன?"

"பாத்துக்கலாம்" என்றேன். வாய் நிறையச் சொன்னேன்.

பேட்ஜை ஆணையத்திடம் காட்டி, தன் வீட்டு உறுப்பினரைக் காணோம் என்று அக்கா சொன்னாள். பேட்ஜில் பெயர் இல்லை, ஆணா பெண்ணா என்றும் இல்லை; கேட்டால் சார்பு என்பதால் யாரும் கேட்கவுமில்லை. ஆறு வண்டிகள் கிளம்பின. முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் தங்கை கிடைத்தாள். காவல் நிலையத்திலிருந்து மூன்றாவது தெருவில், பொது ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், 'பெயர் தெரியாதவர்' என்று எழுதிய அட்டைக்குக் கீழே படுத்திருந்தாள். எழுபத்தாறு நாளாக அங்கேதான் இருந்திருக்கிறாள். இரண்டாம் நாளே காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதியிருந்ததாக நர்ஸ் சொன்னாள். கடிதம் பத்திரமாக ஃபைலில் இருந்தது. ஃபைல் பத்திரமாக ஆணையத்தில் இருந்தது. கடிதம் முதல் தாளாகவே வைத்துத் தைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டு, ஆவணப் பராமரிப்புக்கு 'மிக நன்று' போட்டிருந்தார்கள்.

அவள் இளைத்துக் குச்சியாக இருந்தாள். இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் பாவாடை எங்கே என்று கேட்டாளாம்.

ஆணையம் இப்போது கூடுவதில்லை. பேட்ஜ் கைமாறியதால் ஐந்தாவது நாற்காலி காலி. வாசலில் விளம்பரம் ஒட்டியிருக்கிறது, அபிப்பிராயம் இல்லாத ஆள் தேவை என்று. நான் அந்தப் பக்கம் போகும்போது எனக்கு இருக்கிற அபிப்பிராயத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

நேற்று ஒரு ஃபேன் அவசரமாக வந்தது. முந்நூற்றுப் பதினெட்டாவது சுற்றில் இருந்தேன். வாசலில் ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை, வரேன்."

கம்பியை விட்டுவிட்டேன். சுருள் முழுக்க அவிழ்ந்து தரையில் விழுந்து உருண்டது.

"இருங்க மாமா" என்று செருப்பைத் தேடினேன். "எங்க போகணும்? நானும் வரேன்."